சக்கரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மண்பாண்டத் தொழில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. மண் பிடித்துத்தான் பழக்கம். போன கோடை விடுமுறையில் நம்ம உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மண்பாண்டப் பயிற்சி கொடுத்தோமே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நல்லது மட்டும் பேசணுமா, நடந்தது எல்லாம் பேசணுமான்னு கேட்டேன். நடந்ததைப் பேசுங்கன்னாங்க. அதனால நடந்ததையே சொல்றேன்.

முதலில் என் கதை கொஞ்சம். நான் மானாமதுரைப் பக்கம் மண்பாண்டம் செய்கிற குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்க வேலையில் பொம்பளைக்குன்னு ஒரு பங்கு உண்டு. கண்மாயிலிருந்து வந்த மண்ணைக் காயப்போட்டு, கட்டி உடைத்து, ஊறவைத்து, சலித்து, மணல் சேர்த்து மிதித்துப் பிசைவது எங்க வேலை. சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி இருக்காது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அந்த அடியை மூடுவதும் எங்க வேலை. சூளை அடுக்க, கூடையில் சுமந்து விற்க, எல்லாத்துக்கும் நாங்க உண்டு. சக்கரத்தில் மட்டும் உட்காரக் கூடாது. அது ஆம்பளை இடம். ஏன்னு யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்துபோச்சு. பொங்கலுக்கு 300 பானைக்கு முன்பணம் வாங்கியிருந்தோம். திருப்பிக் கொடுக்கக் காசு இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு நான் சக்கரத்தில் உட்கார்ந்து பழகினேன். நாலாவது நாள் ராத்திரி என் மாமியார் எழுந்து வந்து பார்த்துட்டாங்க. திட்டப் போறாங்கன்னு கையை எடுத்துட்டேன். அவங்க பக்கத்தில் உட்கார்ந்து, "சக்கரத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? கை நடுங்காம இருந்தா அது நிக்கும். சுத்து"ன்னாங்க. அவ்வளவுதான். அந்தப் பொங்கலுக்கு 300 பானை கொடுக்க முடியலை, 210 கொடுத்தோம். மறு வருஷம் குழுவில் 25,000 ரூபாய் கடன் வாங்கி மோட்டார் சக்கரம் போட்டேன். 24 தவணையில் அடைத்தேன். ஒரு தவணை தவறினது கிடையாது, நம்ம ஊக்குநர் இங்கேதான் இருக்காங்க, கேட்டுக்கோங்க.

இனிப் பயிற்சிக் கதைக்கு வர்றேன்.

போன வருஷம் ஏப்ரல் மாதக் கூட்டம். சேமிப்பு, கடன் எல்லாம் முடிந்த பிறகு பேச்சு பிள்ளைகள் பக்கம் போச்சு. லீவு விட்டால் ஆம்பளைப் பிள்ளைகள் கல்யாண வீட்டுக்குப் பரிமாறப் போகிறார்கள், இல்லைன்னா நாள் முழுக்க செல்போன். ஒரு தங்கச்சி எழுந்து, தன் மகளை ரெண்டு மாதம் மில்லுக்கு அனுப்பச் சொல்லி ஏஜென்ட் வந்து பேசிட்டுப் போயிருக்கார்னு அழுதாங்க. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதின பிள்ளை. ரெண்டு மாதம்னு போன பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பிப் பள்ளிக்கூடம் வந்தாங்கன்னு நமக்குத் தெரியும். அப்போது ஒரு அக்கா என்னைப் பார்த்து, "நீ உன் கொட்டகையில வச்சு இதுகளுக்குக் கத்துக்கொடேன்"னாங்க.

நான் முடியாதுன்னு சொன்னேன். இன்றைக்கு இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு ரெண்டு காரணம் இருந்தது. ஒண்ணு, கற்றுக்கொடுத்தால் நாளைக்கு அவங்களே எனக்குப் போட்டியா வந்துட்டா என்ன செய்யறதுங்கிற பயம். ரெண்டாவது, எங்க வேலையை ஊருக்குள் எந்தப் பேரால் சொல்லிக் கேலி பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். என் மகனே பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கேட்டுட்டு அழுதுகொண்டு வந்தவன். மற்ற தெருப் பிள்ளைகள் வந்து எங்க மண்ணை மிதிப்பாங்களா, அவங்க அம்மா அப்பா விடுவாங்களா? இதை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்ல முடியலை. இடம் பத்தாதுன்னு சொல்லித் தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்து மாமியார்கிட்ட சொன்னேன். "உன் மகன் சக்கரத்துல உக்காரப் போறானா?"ன்னு கேட்டாங்க. இல்லை, அவன் ஐடிஐ படிக்கிறான். "அப்ப யாருக்காக ஒளிச்சு வைக்கிற?"ன்னாங்க. மறு கூட்டத்தில் சரின்னுட்டேன்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதின விதிகளைச் சொல்கிறேன். வேறு ஊராட்சியில் யாராவது செய்ய நினைத்தால் உதவும். 14 வயது முடிந்த பிள்ளைகள் மட்டும். காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை மட்டும். மண் சுமக்க வைக்கக் கூடாது. சூளை எரியும்போது வாய்ப் பக்கம் நிற்க விடக் கூடாது. என்னுடைய ஆர்டர் வேலை எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. வருகைப் பதிவேடு உண்டு. நாளுக்கு 100 ரூபாய் உதவித்தொகை, கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து.

14 வயதுக்குக் கீழே உள்ளவங்களை வேலைக்கு வைக்கக் கூடாது, 14-லிருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பயிற்சின்னு பேர் வைத்துப் பிள்ளைகளிடம் வேலை வாங்குகிற இடம் எத்தனையோ உண்டு. நம்ம கொட்டகை அப்படி ஆகிவிடக் கூடாதுன்னுதான் இத்தனை விதி. உதவித்தொகைக்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. "கத்துக்க வர்றவங்களுக்கு எதுக்குக் காசு? நாமதானே ஃபீஸ் வாங்கணும்"னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். ஆனால் பரிமாறப் போனால் ஒரு நாளைக்கு 400 ரூபாய் கிடைக்கிற பிள்ளை சும்மா வந்து மண் மிதிக்குமா? வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டும்தான் வரும். மில்லுக்குப் போக இருந்த பிள்ளை வராது. இதைப் பொருளாளர் எடுத்துச் சொன்ன பிறகு எல்லாரும் கை தூக்கினாங்க.

11 பிள்ளைகள் வந்தாங்க. ஏழு பெண், நாலு ஆண். அந்த மில்லு ஏஜென்ட் பார்த்துவிட்டுப் போன பிள்ளையும் வந்தது.

முதல் வாரம் சக்கரத்தையே தொட விடலை. மண்ணுதான். எந்த மண் கையில் ஒட்டும், எது உதிரும், உருட்டி வளைத்தால் எது விரியும், எதில் எவ்வளவு மணல் சேர்க்கணும், இதெல்லாம் கைக்குத் தெரியணும். பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துடுச்சு. ஒரு பையன் மூணாம் நாளே, "அயித்தை, இதுக்கு நான் செங்கல் காளவாசலுக்கே போயிருப்பேன்"னான். ஐந்தாம் நாள் ஒரு அம்மா வாசலில் நின்று, "எம் பிள்ளைய மண்ணு மிதிக்கவா படிக்க வச்சேன்"னு சத்தம் போட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. அந்தப் பிள்ளையே காலெல்லாம் சேறோடு வந்து, "அம்மா, நீ நடவுக்குப் போறப்ப எதை மிதிக்கிற?"ன்னு கேட்டது. அந்த அம்மா போயிட்டாங்க. மறுநாள் பிள்ளையோடு ஒரு தூக்குச்சட்டி மோர் கொடுத்துவிட்டாங்க.

ரெண்டாவது வாரம் சக்கரம். மண்ணை நடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம், அதுதான் கடைசிப் பாடமும். நடு நிற்கலைன்னா எவ்வளவு அழகாக இழுத்தாலும் கோணிக்கொண்டு போகும். பலத்தால் அமுக்கினால் நிற்காது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டு, கையை அசையாமல் வைத்தால் மண் தானாக வந்து அடங்கும். வாட்டசாட்டமான பையன்கள் தோற்றுப்போனார்கள். வகுப்பில் வாயே திறக்காதுன்னு டீச்சர் சொன்ன ஒரு பிள்ளை ரெண்டாம் நாளே நடு நிறுத்திடுச்சு.

கத்திரி வெயில் காலம் வேறு. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்னு நினைப்போம். விளிம்பு முந்திக் காய்ந்து, அடி ஈரமாக இருந்து, நடுவில் பிளந்துவிடும். நிழலில், ஈரச்சாக்கு போட்டு மூடி, மெதுவாகக் காய வைக்கணும். காயக் காயச் சுருங்கும். பத்து விரல் உயரம் செய்தால் சுட்ட பிறகு ஒன்பது விரல்தான் நிற்கும். அதையும் கணக்குப் போட்டுத்தான் செய்யணும்.

நான் பானை, சட்டி, அகல், பூந்தொட்டி இவைதான் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் பிள்ளைகள் அதோடு நிற்கலை. மில்லுப் பிள்ளைன்னு சொன்னேனே, அது ஒரு நாள் கூஜா கழுத்தில் அதோட அப்பத்தா முகத்தை வைத்துவிட்டது. தண்டட்டி போட்ட காது, வெற்றிலை போட்ட வாய், அப்படியே. நான் திட்டினேன். "தண்ணி ஊத்துற பாத்திரத்துல மூஞ்சி எதுக்கு? மண்ணை வீணாக்காதே"ன்னேன். பிள்ளை முகம் சுண்டிப்போச்சு. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "அய்யனார் கோயிலுக்குக் குதிரை செஞ்சது யாரு? நம்ம வீட்டு ஆளுகதானே. அப்ப மட்டும் மூஞ்சி வைக்கலாமா? விடு அதை"ன்னாங்க. வாயை மூடிக்கொண்டேன். நமக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுக்கலாம், நமக்குத் தெரியாததைத் தடுக்கக் கூடாதுன்னு அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

மூணாவது வாரம் வேன் பிடித்துக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 2023-ல் திறந்தது, நம்ம மாவட்டத்திலேயே இருக்கு, போகாதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. 2,500 வருஷத்துக்கு முந்தின பானை ஓடுகள் அங்கே இருக்கு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. தீயில் காற்று பட்ட பக்கம் சிவக்கும், காற்று படாமல் புகை அண்டின பக்கம் கறுக்கும். நம்ம சூளையிலும் அதேதான் நடக்குதுன்னு பிள்ளைகளுக்குக் காட்டினேன். அந்த ஓடுகளில் ஆதன், குவிரன்னு பேர் கீறியிருக்கு. பானையில் பேர் எழுதி வைத்திருக்காங்க. பிள்ளைகள் அதை விட்டு நகரவே இல்லை.

திரும்பி வந்ததும் 11 பேரும் அவங்கவங்க பானையில் பேரைக் கீறினாங்க. "அயித்தை, உங்க பானையில உங்க பேரு எங்க?"ன்னு ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், ஒரு சட்டியில்கூட என் பேர் கிடையாது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே மானாமதுரையில் கடம் தட்டித் தட்டிச் செய்த மீனாட்சி அம்மாவுக்கு சங்கீத நாடக அகாதமி விருதே கிடைத்தது. ஊருக்குப் பேர் இருக்கு, அந்த அம்மாவுக்குப் பேர் இருக்கு. நான் என் பேரை எழுத நினைத்ததே இல்லை.

அடுத்து நடந்ததுதான் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருப்பது.

மே 31-ம் தேதி கண்காட்சின்னு நோட்டீஸ் அடித்தாச்சு. விருந்தினருக்குச் சொல்லியாச்சு. 26, 27 ரெண்டு நாளும் கோடை மழை. பானை எதுவும் சரியாகக் காயலை. கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்குன்னு அர்த்தம். எனக்கு நல்லாத் தெரியும். மாமியாரும் "ரெண்டு நாள் பொறு"ன்னாங்க. தேதி சொல்லிட்டோமே, மேடையில் என்ன வைக்கிறதுங்கிற பதற்றத்தில் 29-ம் தேதி சூளை அடுக்கித் தீ வைத்துவிட்டேன். முதல் மூணு மணி நேரம் சின்னத் தீயாக விட்டு ஈரத்தை ஓட்டணும். அதையும் அவசரப்படுத்தினேன். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே போக வழி இல்லாமல் பானையை வெடிக்க வைக்கும். சூளைக்குள் பட்டாசு மாதிரி சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தமும் யார் பானைன்னு தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் பிரித்துப் பார்த்தால், அடுக்கின 86-ல் முழுசாக இருந்தது 29. அப்பத்தா கூஜா மூணு துண்டு.

பிள்ளைகள் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு புத்தி வந்தது. உங்ககிட்ட மறைக்கலை. மண்ணைச் சரியாகப் பிசையலை, அதான் வெடித்ததுன்னு சொல்லிவிடலாமான்னு நினைத்தேன். சொன்னால் நம்பியிருப்பாங்க. ஆனால் இருபது நாளாக அந்த மண்ணைப் பிசைந்த பிள்ளைகள் அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தன் கையையே சந்தேகப்படும். வரிசையாக உட்கார வைத்துச் சொன்னேன்: "தப்பு உங்க மேல இல்லை. ஈரம் காயலைன்னு தெரிஞ்சும் தேதிக்காகத் தீ வச்சேன். என் அவசரம்தான் உடைச்சது. என்னை மன்னிச்சிடுங்க."

யாரும் பேசலை. ரெண்டு பிள்ளைகள் அழுதாங்க. ஒரு பையன் கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே போனான், அன்றைக்கு வரவே இல்லை. அது அவன் நியாயம். கொஞ்ச நேரம் கழித்து அப்பத்தா கூஜாப் பிள்ளை துண்டுகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, "கீழடியிலயும் உடைஞ்ச ஓடுதான் அயித்தை இருந்துச்சு. பேரு இருக்குல்ல"ன்னது. அந்த வார்த்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கேன்.

கண்காட்சியைத் தள்ளி வைத்தோம். தலைவி அக்கா ஒரு வார்த்தை திட்டாமல் விருந்தினருக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னாங்க. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சனி, ஞாயிறு வந்து செய்தாங்க. கோபித்துக்கொண்டு போன பையனும் வந்தான். இந்தத் தடவை ஒவ்வொரு பானையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சுடலாமா வேணாமான்னு அவங்களே முடிவு சொன்னாங்க. 52 அடுக்கினோம், 49 முழுசாக வந்தது.

பொருளாளர் கோபிப்பாங்க, அதனால வரவு செலவும் சொல்லிவிடுகிறேன். 24 நாளைக்கு 11 பேருக்கு உதவித்தொகை 26,400 ரூபாய். மண், வைக்கோல், விறகு 4,000. கீழடி வேன் 2,500. ஆக மொத்தம் 32,900. நல்லா வந்த 78-ல் ஆளுக்கு ரெண்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டது போக 56 வைத்தோம், 41 விற்றது. கிடைத்த 6,150 ரூபாயும் அந்தந்தப் பானையில் யார் பேர் இருந்ததோ அவங்க கைக்கே போச்சு. கூட்டமைப்புக்கு இதில் ஒரு ரூபாய் வரவு கிடையாது. கணக்காகப் பார்த்தால் நட்டம்தான்.

பிள்ளைகள் கணக்கையும் சொல்கிறேன். மில்லுக்குப் போக இருந்த பிள்ளை போகலை. பயிற்சியால் மட்டும் அது நடக்கலை. அந்த வீட்டுக் கடனுக்கு அவங்க குழு 15,000 ரூபாய் உள்கடன் கொடுத்தது, அதனாலும்தான். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்குது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வருது. ஒரு பையன் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் திருப்பூர் போய்விட்டான். அவன் வீட்டு நிலைமை அப்படி. ஏழு பேர் அப்புறம் சக்கரம் பக்கம் வரலை, அவங்களுக்குப் பிடித்தது வேறு. அதில் தப்பில்லை. மூணு பேர் இன்னும் வர்றாங்க. மூணும் பொம்பளைப் பிள்ளைகள்.

பெத்தவங்களுக்கு ஒரு சேதி. மண்ணு வேலை தெரிந்தால் மண்ணோடே போயிடும்னு நினைக்காதீங்க. 1850-ல் தொடங்கின சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பிளஸ் டூவுக்கு அப்புறம் செராமிக் பாடமே பட்டப்படிப்பாகப் படிக்கலாம். பாண்டிச்சேரியில் 1971-ல் ஆரம்பித்த கோல்டன் பிரிட்ஜ் பாட்டரின்னு ஒரு இடம் இருக்கு. அங்கே பழகினவங்க பலர் தனித்தனியாகப் பட்டறை வைத்துப் பேர் வாங்கியிருக்காங்க. கையில் பிடிப்பு இருக்கிற பிள்ளைக்கு வழி இருக்கு.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைத்து முடித்துக்கொள்கிறேன். இந்த வருஷமும் பயிற்சி நடத்தணும், ஆனால் கண்காட்சித் தேதியைச் சூளை பிரித்த பிறகுதான் குறிக்கணும். ரெண்டாவது, கண்மாய் மண்ணை மண்பாண்டத்துக்கு இலவசமாக எடுக்கத் தாசில்தார் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கலாம்னு 2024-ல் அரசு விதியை எளிதாக்கியிருக்கு. கூட்டமைப்பு பேரில் நமக்கு ஒரு மனு போடணும். மூணாவது, கொட்டகைக்குப் பக்கத்தில் மழை படாத ஒரு காய்ச்சல் இடம், தகரம் போட்டால் போதும். அது இருந்திருந்தால் 57 பானை உடைந்திருக்காது.

உங்க எல்லாருக்கும் இன்றைக்கு ஆளுக்கு ஒரு அகல் கொடுக்கிறோம். அந்த மூணு பிள்ளைகளும் நானும் செய்தது. அடியைத் திருப்பிப் பாருங்க, செய்தவங்க பேர் கீறியிருக்கும். சிலதில் என் பேரும் இருக்கும். எழுத்து கொஞ்சம் கோணல், பொறுத்துக்கோங்க. இப்பத்தான் பழகுறேன்.